மணிக்கு இருபத்தெட்டு தடவை

பிப்ரவரி 5, திங்கள்

சொல்வது நான், தணிகாசலம். எழுதுவது என் மச்சான் தெய்வநாயகம், என் பெண்டாட்டி பூங்காவனத்தின் தம்பி. எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. மச்சான் முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதியவர். அதனால் முதல் வரியிலேயே ‘மேற்படி தணிகாசலமாகிய நான் சுயநினைவுடன்’ என்று ஆரம்பித்தார். வீட்டை விற்கப் போவதில்லை, சாதாரணமாக எழுது என்றேன்.

டாக்டர் ரெஹானா சொன்னதால்தான் இந்த நோட்டு. போன வாரம் கடலூரில் ஒரு ராத்திரி தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் ஒயர் ஒட்டித் தூங்கவைத்தார்கள். தூக்கத்தில் என் தொண்டை மூடிக்கொள்கிறதாம். மணிக்கு இருபத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறதாம். நின்றால் நான் எப்படி உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் உடம்பு பதறி எழுந்து மூச்சை இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் பகலில் சாமியாடுகிறீர்கள் என்றார்.

ராத்திரி மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மிஷின் இருக்கிறது. குழாயும் முகமூடியும். காற்றை உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்குமாம். வேண்டாம் என்றேன். பயம் ஒன்றுமில்லை. ரப்பர் வாடை எனக்கு ஆகாது.

டாக்டரம்மா விடவில்லை. மிஷின்தான் நல்லது, ஆனாலும் எட்டு வாரம் வேறு வழியில் முயன்று பார்க்கலாம் என்றார். எடை குறைக்க வேண்டும். மல்லாந்து படுக்கக் கூடாது. நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எட்டாவது வாரம் மறுபடி ஒயர் ஒட்டிப் பார்ப்பார்கள். கணக்கு பதினைந்துக்குள் வந்தால் மிஷின் வேண்டாம்.

வெளியே வந்ததும் மச்சான் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

“பதினஞ்சுக்குள்ள வரலைன்னா நீங்க மிஷினை மாட்டணும் மாமா. மாட்ட மாட்டேன்னா எங்க அக்கா ராத்திரி எங்க வீட்லதான் படுக்கும்.”

அவர் வீடு அடுத்த தெரு. பொங்கல் அன்றைக்கு பூங்காவனம் வடை சுடும்போது நின்றுகொண்டே தூங்கி எண்ணெய்ச் சட்டியில் கை வைத்துவிட்டாள். அதிலிருந்து இவருக்குக் கோபம். என் குறட்டையால் அவளுக்குத் தூக்கமில்லையாம். நாற்பத்தாறு வருஷமாகக் கேட்கிற குறட்டை இப்போதா புதிதாக உறைக்கும்? எனக்கொன்றும் இல்லை. அவள் எங்கே வேண்டுமானாலும் படுக்கட்டும். ஆனால் அறுபத்தேழு வயதில் பாயைச் சுருட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனால் தெரு என்ன பேசும்? அதுதான் யோசனை.

பிப்ரவரி 6, செவ்வாய்

எடை எண்பத்தாறு. ஜங்ஷன் எடை மிஷினில் ஏறி நின்றபோது அதுவே ஒருமுறை பெருமூச்சு விட்டது.

நேற்று எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். மச்சானைப் பற்றி நான் ‘வந்தான், சொன்னான்’ என்றதெல்லாம் ‘வந்தார், சொன்னார்’ ஆகியிருக்கிறது. போகட்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

மல்லாந்து படுக்காமல் இருக்க, பனியன் முதுகில் ஒரு பை தைத்து அதில் பந்து போட வேண்டும். புரண்டால் குத்தும், மறுபடி ஒருக்களித்துவிடுவோம். பூங்காவனம் பை தைத்தாள். பந்து இல்லை. இரண்டு எலுமிச்சம்பழம் போட்டாள். காலையில் பார்த்தால் இரண்டும் நசுங்கி, பாயெல்லாம் சாறு. குளித்த பிறகும் வாசனை போகவில்லை. ஸ்டாண்டில் வண்டி விட வந்த ரயில்வே கிளார்க் இன்று வெள்ளிக்கிழமையா என்று கேட்டார்.

ஸ்டாண்டு என்றால், விருத்தாசலம் ஜங்ஷன் எதிரில் இருக்கும் டூவீலர் ஸ்டாண்டு. நாற்பத்து மூன்று வருஷமாக நானும் காளிவரதனும் பார்த்துக்கொண்டோம், இப்போது நான் மட்டும். டோக்கன் கிடையாது. ஆளைப் பார்த்தால் வண்டி எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். எண்பத்தெட்டில் பச்சை ஹெர்குலிஸ் சைக்கிளை விட்டுப்போன ஒருவர் பத்தொன்பது வருஷம் கழித்து வழுக்கைத் தலையோடு வந்தார். “பச்சை ஹெர்குலிஸ், பெல் உடைஞ்சது” என்றேன். அழுதுவிட்டார். சைக்கிள் துருப்பிடித்துப் போயிருந்தது. அதற்கும் அழுதிருக்கலாம்.

ஆனால் போன மாதம் டீச்சரம்மா ஸ்கூட்டியை வேறு ஒரு பெண்ணிடம் தள்ளிக் கொடுத்துவிட்டேன். ஸ்டூலில் கண் அயர்ந்திருந்தேன். அது ஒரே ஒரு தடவை. இதை எழுத வேண்டாம் மச்சான்.

பிப்ரவரி 10, சனி

இன்று சனிக்கிழமை. விசேஷமில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

ரப்பர் பந்து வந்துவிட்டது. குத்துகிறது. அதுதான் அதன் வேலை.

நாக்குப் பயிற்சி ஆரம்பம். நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் ஒட்டி உறிஞ்ச வேண்டும், இருபது தடவை. பிறகு ஆ, ஈ, ஊ என்று தொண்டை திறக்கக் கத்த வேண்டும். எழுபத்தொரு வயதில் மாமா உயிரெழுத்து படிக்கிறார் என்று மச்சான் சிரித்தார். பூங்காவனமும் சிரித்தாள். அவள் சிரித்துக் கொஞ்ச நாளாகிறது. அதனால் இன்னும் பத்து தடவை கத்தினேன்.

பரோட்டாவை நிறுத்தியாயிற்று. சால்னாவை மட்டும் குடித்தால் கணக்கில் வருமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

(எழுதுபவர் குறிப்பு: வரும்.)

பிப்ரவரி 19, திங்கள்

ஊதுகிற பயிற்சியும் நல்லதாம். பலூன் ஊதலாம், சங்கு ஊதலாம், சிலருக்குப் பலன் தெரிந்திருக்கிறது என்று டாக்டரம்மா போனில் சொன்னார். பலூன் ஊதினால் பேரன் பிறந்தநாளா என்று கேட்பார்கள். மச்சான் சிதம்பரம் போனபோது ஒரு சங்கு வாங்கி வந்தார். நான்கு நாளாக மொட்டைமாடியில் நின்று ஊதுகிறேன். வெறும் காற்றுதான் வருகிறது.

பிப்ரவரி 23, வெள்ளி

இன்று காலை சத்தம் வந்தது. வந்திருக்கக் கூடாது.

ஆறேகால் மணி. அடிவயிற்றிலிருந்து இழுத்து ஊதினேன். சங்கு பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சத்தம், ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும். சந்தோஷத்தில் மூன்று தடவை ஊதினேன். எங்கள் தெருவில் காலங்காத்தாலே சங்கு கேட்டால் என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷம் யார் வண்டி எங்கே என்று நினைவு வைத்த மண்டைக்கு அது தோன்றவில்லை.

எதிர்வீட்டு நாகப்பன், இரும்புக்கடை வைத்திருப்பவன், லுங்கியோடு ஓடி வந்தான். வரும் வழியிலேயே பூக்காரியிடம் ரோஜா மாலை வாங்கிவிட்டான். அவன் எதிலும் முந்திக்கொள்கிறவன். பின்னால் நான்கைந்து பெண்கள். உள்ளே வந்து பார்த்தால், அடுப்படி வாசலில் பூங்காவனம் சுவரில் சாய்ந்து தலை தொங்கி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பாதி அரிந்த கத்தரிக்காய். அவ்வளவுதான், மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். நாகப்பன் பந்தல்காரனுக்குப் போன் போட்டு நாற்காலி ஐம்பது என்று சொல்லிவிட்டான்.

நான் கையில் சங்கோடு மாடியிலிருந்து இறங்கி வந்தேன். என்னைப் பார்த்து அழுகை இன்னும் கூடியது. பெண்டாட்டிக்குத் தானே சங்கு ஊதுகிற மனுஷனை அவர்கள் பார்த்ததில்லை.

அப்போது பூங்காவனம் கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

“யாருடி போயிட்டாங்க?” என்று அவளும் அழ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. நாகப்பன் மட்டும் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டான்.

“ஊதறதுன்னா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிட்டு ஊதக்கூடாதா மாமா?”

“தொண்டைக்குப் பயிற்சிடா.”

“யாரு தொண்டைக்கு? எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு.”

மாலைதான் பிரச்சினையாகிவிட்டது. பிணத்துக்கென்று வாங்கியதை சாமிக்குப் போட முடியாது. பூக்காரி திரும்ப எடுக்க மாட்டேன் என்றாள். கேட்டில் தொங்கவிட்டோம். பத்து மணிக்கு ஆடு தின்றுவிட்டது.

மச்சான் ஒன்றைக் கவனித்தார். சங்குச் சத்தத்திலும் ஒப்பாரியிலும் அக்கா எழுந்திருக்கவில்லையே, இது தூக்கமா மயக்கமா என்றார். அவள் எப்போதும் அப்படித்தான், உட்கார்ந்தால் தூங்குவாள் என்றேன். அவர் எழுதிக்கொண்டே இருக்கிறார். என்ன எழுதுகிறார் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 24, சனி

சனிக்கிழமை. விசேஷமில்லை.

பிப்ரவரி 29, வியாழன்

தினமும் காலை ஆறேகாலுக்கு சங்கு. தெருவுக்குப் பழகிவிட்டது. சங்கைக் கேட்டுத்தான் பால் வாங்கக் கிளம்புகிறாளாம் பக்கத்து வீட்டு வேதவல்லி. நாகப்பன் அதைக் கேட்டு எழுந்து கடை திறக்கப் போகிறான். அவன் வீட்டு அலாரத்தை விற்றுவிட்டதாகச் சொல்கிறான். இரும்புக்கடைக்காரன் எதையும் விற்பான்.

எடை எண்பத்து மூன்றரை.

மார்ச் 2, சனி

ஸ்டாண்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் என்று மச்சான் கேட்டார். சும்மாதான்.

மார்ச் 9, சனி

நேற்று சிவராத்திரி. பெரிய கோயிலில் நானும் மச்சானும் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். நான் நான்கு காலமும் கண் மூடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் முதல் காலத்திலேயே தூணில் சாய்ந்திருப்பேன். இரண்டாம் காலத்தில் மச்சான் குறட்டை விட்டார். இதை அப்படியே எழுது.

(எழுதுபவர் குறிப்பு: கண் மூடி தியானித்துக்கொண்டிருந்தேன்.)

ஒரு விஷயம் புரியவில்லை. சிவராத்திரி என்றால் பூங்காவனம் முதல் ஆளாகக் கிளம்புகிறவள். மகன் பிறந்து பத்தாம் நாள் வந்த சிவராத்திரிக்குக்கூட வீட்டுக்குள்ளேயே விழித்திருந்தாள். நேற்று வரவில்லை. தலைவலி, நீங்கள் போய் வாருங்கள், விடியும்வரை இருப்பீர்கள்தானே என்று இரண்டு தடவை கேட்டாள். காலையில் வந்து கதவைத் தட்டினோம். திறக்கவில்லை. நாகப்பன் கடையிலிருந்து சுத்தியல் வாங்கலாம் என்று மச்சான் கிளம்பிவிட்டார். அப்புறம் வந்து திறந்தாள். கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. முகம் பளிச்சென்று இருந்தது.

ஊரே விழித்திருக்கிற ராத்திரியில் இப்படித் தூங்கினாயே என்று கேட்டேன்.

“ஊரு ஒரு ராத்திரி முழிச்சுக்கும்,” என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள்.

மார்ச் 14, வியாழன்

எடை எண்பத்திரண்டு. ஸ்டூலில் தூங்கி மூன்று வாரமாகிறது. டீச்சரம்மா ஸ்கூட்டியை நிறுத்தும்போது, “இன்னிக்கு என் வண்டி எனக்கே கிடைக்குமா?” என்றார். உங்கள் வலது கண்ணாடியில் புதிதாக ஒரு கீறல் இருக்கிறது, நேற்று இல்லை என்றேன். குனிந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

மச்சான் வீட்டில் பின் அறைக்கு வெள்ளையடிக்கிறார்களாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

இன்றைக்குச் சொல்வதைக் குறுக்கே பேசாமல் எழுது மச்சான்.

சங்கைத் துடைக்கப் பழைய காகிதம் தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். உள்ளே நாள்காட்டித் தாள்கள். தினமும் காலையில் கிழிக்கிறாளே, அவை. ஒன்றைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பேனாவால் வைத்த புள்ளிகள். இன்னொன்றிலும் புள்ளி. எல்லாவற்றிலும் புள்ளி.

பால் கணக்கு என்று நினைத்தேன். நாளைக்கு நாற்பது பால் பாக்கெட் யார் வாங்குகிறார்கள்? கோலத்துக்கு வைத்த புள்ளியா என்று பார்த்தேன். கோணல்மாணலாக, இருட்டில் வைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது.

டின்னை ஸ்டாண்டுக்கு எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லை. தேதிவாரியாக அடுக்கினேன். எண் எனக்குத் தெரியும், மீதி நினைவில் இருக்கிறது. இந்த வருஷத் தாள்களில் இரண்டில் மட்டும் புள்ளியே இல்லை. ஒன்று ஜனவரி கடைசியில், நான் கடலூரில் ஒயரோடு படுத்திருந்த ராத்திரி. இன்னொன்று சிவராத்திரி.

நான் வீட்டில் இல்லாத ராத்திரிகள்.

என் மூச்சு நிற்பது அவள் காதில் பட்ட ஒவ்வொரு தடவையும் என்னை உலுக்கிவிட்டு ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். காலையில் அந்தத் தாளைக் கிழித்து டின்னில் போட்டிருக்கிறாள்.

பிப்ரவரி பத்து, பதினேழு, இருபத்துநான்கு. மூன்று தாளும் கடுகு கொட்டினாற்போல் கருப்பாக இருக்கிறது. மூன்றும் சனிக்கிழமை. ஸ்டாண்டைப் பூட்டிவிட்டு, வரும் வழியில் நான் என்ன செய்தேன் என்பது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டுதான் வருவேன். மார்ச் இரண்டிலிருந்து புள்ளி குறைகிறது. பந்து, சங்கு, பரோட்டா எல்லாம் சேர்ந்து நேற்றைய தாளில் இருபத்திரண்டுதான்.

என் வாழ்நாளில் நானே படித்தது இது ஒன்றுதான்.

அடியில் கிடந்த முதல் தாள் மூன்று வருஷம் பழையது. காளிவரதனை எரித்த மறுநாள். நோய் பரவிய அந்த வருஷம் ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அவன் முகத்தில் ஒரு மூடி இருந்தது. கையை மட்டும் ஆட்டினான். அந்த மூடிக்கும் டாக்டரம்மா சொல்கிற மிஷினுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ரப்பர் வாடை எனக்கு ஆகாது என்றுதானே சொன்னேன்.

டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மச்சான் பேனாவை மூடிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறார். பத்திரத்தில் அழக்கூடாது என்று சொன்னேன். இது பத்திரம் இல்லை என்றார். பிறகுதான் இந்த இரண்டு வரியையும் எழுதினார்.

மார்ச் 28, வியாழன்

இன்று ராத்திரி கடலூரில் மறுபடி ஒயர். எடை எண்பத்தொன்று. பூங்காவனம் கையில் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். பந்துப் பனியனையும் பையில் வைத்தாள். நீ நன்றாகத் தூங்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஏப்ரல் 1, திங்கள்

முடிவு வாங்கப் போனோம். நான், மச்சான், பூங்காவனம். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் தூங்கிவிட்டாள். எழுப்ப வேண்டாம் என்று நாங்கள் இருவர் மட்டும் உள்ளே போனோம்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். பதினாலு. எட்டு வாரத்தில் பாதியாகக் குறைந்திருக்கிறது, எடையை ஏற்றாமல், சங்கை விடாமல் இப்படியே தொடருங்கள், நான் சொன்னபடி மிஷின் தேவையில்லை, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்றார்.

மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையடித்த அறை வீணாகிவிட்டது.

“அந்த மிஷினைக் குடுங்கம்மா,” என்றேன்.

“வேண்டாம்னு சொன்னது நீங்கதானே ஐயா? இப்ப பதினஞ்சுக்குக் கீழே வந்துட்டீங்க.”

“பதினாலுன்னா மணிக்கு பதினாலு புள்ளி.”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மச்சானுக்குப் புரிந்தது. கண்ணாடி வழியே பெஞ்சைக் காட்டினார். பூங்காவனத்தின் தலை பக்கத்தில் இருந்த யாரோ ஒரு நோயாளியின் தோளில் சாய்ந்திருந்தது. அந்த ஆள் பாவம், அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, எழுந்திருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவும் பார்த்தார். அப்புறம், மாட்டினால் நல்லதுதான், மீதி பதினாலும் போய்விடும், மற்ற பயிற்சியையும் விடக்கூடாது என்று சொல்லி மிஷினை வாடகைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரப்பர் வாடை இருக்கிறது. அவ்வளவு மோசமில்லை.

ஏப்ரல் 3, புதன்

இரண்டு ராத்திரி ஆயிற்று. எனக்குத் தூக்கம் வருகிறது, அவள் விடமாட்டேன் என்கிறாள். சத்தமே இல்லையாம். சத்தம் இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிட்டது என்றுதான் அவளுக்கு அர்த்தம். முந்தாநாள் நான்கு தடவை எழுப்பினாள். நேற்று ஏழு தடவை.

“ஏங்க, இருக்கீங்களா?”

வாயைத் திறந்தால் மிஷின் காற்று சீறிக்கொண்டு வெளியே வருகிறது. பதில் சொல்ல முடியவில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். குழாயை அவள் கைமேல் படும்படி போட்டேன். காற்று போகிற அதிர்வு தெரியும். அது இருக்கிறவரை நான் இருக்கிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

காலையில் மிஷினைக் கழற்றிவிட்டு எழுந்தபோது ஒரு குறட்டை கேட்டது. என்னுடையது என்று நினைத்தேன், நான் நின்றுகொண்டிருந்தேன். பூங்காவனம் குழாயைப் பிடித்தபடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல கனமான குறட்டை. நடுவில் நிற்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். நிற்கவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் இதை நான் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்டிருப்பேன்?

ஆறேகால் ஆயிற்று. சங்கை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

ஆறரைக்கு நாகப்பன் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தான். அதே லுங்கி. இந்தத் தடவை கையில் மாலை இல்லை. அவனுக்குப் பின்னால் பால் பாத்திரத்தோடு வேதவல்லி, இன்னும் மூன்று பேர்.

“என்ன மாமா, இன்னிக்கு சங்கு ஊதலியே! ஏதாச்சும்...”

நான் வாயில் விரலை வைத்தேன். “உள்ளே ஆள் தூங்குது.”

எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நாகப்பன் காதைச் சாய்த்துக் கேட்டான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி கேட்டான்.

“மாமியா அது?”

“ம்.”

“எப்ப எழுந்திருக்கும்?”

“தெரியலைப்பா. மூணு வருஷத் தூக்கம் அது.”

அந்த நேரம் பார்த்து மச்சான் தெருமுனையிலிருந்தே “மாமா, மாமா, என்னாச்சு?” என்று கத்திக்கொண்டு வந்தார். ஆறு பேரும் ஒரே சமயத்தில் உஷ் என்றோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வந்து படியில் உட்கார்ந்தார்.

காப்பி நானே போட்டேன். ஏழு பேருக்கும் சர்க்கரை போட மறந்துவிட்டேன். யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.